சினை முதல் பால் மறக்கும் வரை: வெண்பன்றிகளுக்குத் தாது உப்பு

சினைப்பன்றிக்கு இரும்புச்சத்து டானிக் ஊற்றினால் குட்டிகளுக்கு இரத்தசோகை வராது என்று பல பண்ணைகளில் நம்புகிறார்கள். அது நடப்பதில்லை. தாய் தின்னும் இரும்பு நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குட்டிக்குப் போவது மிகக் குறைவு. பாலில் ஏறுவதும் அப்படித்தான். பிறக்கும் குட்டியின் உடம்பில் சுமார் 50 மில்லிகிராம் இரும்பு இருக்கும். ஒரு நாள் தேவை 7 மில்லிகிராமுக்குக் குறையாது, பாலில் கிடைப்பதோ 1 மில்லிகிராம். பத்து நாளுக்குள் கையிருப்பு கரைந்துவிடும். அதனால் எங்கள் பண்ணையில் கால்சியம், பாஸ்பரஸ், துத்தநாகம், அயோடின், செலினியம் எல்லாம் தாயின் தீவனத்தில் போகும். இரும்பு மட்டும் நேராகக் குட்டிக்கு.

பால் கொடுக்கும் பன்றிக்கு 100 கிலோ தீவனம் கலக்கும்போது தாது உப்புக் கலவை 2 கிலோ, கால்சியத்துக்காகக் கால்சைட் (சுண்ணாம்புக்கல்) தூள் 800 கிராம், சமையல் உப்பு அரை கிலோ சேர்க்கிறோம். கலவைப் பையில் கால்சியம் 20 சதவீதம் என்று அச்சிட்டிருந்தால் இந்தக் கணக்கு. அதைவிடக் கூடுதலாக இருந்தால் கால்சைட்டைக் குறைக்க வேண்டும். மொத்தத் தீவனத்தில் கால்சியம் 0.8 சதவீதத்தை ஒட்டி நின்றால் போதும். சிலர் எலும்பு பலப்படட்டும் என்று கால்சைட்டை இரட்டிப்பாக்குகிறார்கள். கூடுதல் கால்சியம் துத்தநாகத்தைக் குடலில் ஏறவிடாது. காலிலும் வயிற்றிலும் தோல் தடித்துச் செதில் செதிலாக வெடிக்கும். சொறி என்று நினைத்து மருந்து தடவினால் ஆறாது, தீவனத்தைத் திருத்தினால்தான் ஆறும்.

தவிடு நிறையப் போடுகிறவர்கள் கவனிக்க வேண்டியது பாஸ்பரஸ். தவிட்டில் அது ஏராளம்தான், ஆனால் பெரும்பகுதி பைட்டேட் என்ற சேர்மமாகக் கட்டுண்டு கிடக்கும், பன்றிக்குச் செரிக்காது. டைகால்சியம் பாஸ்பேட் உள்ள கலவையோ, பைட்டேட்டை உடைக்கும் பைட்டேஸ் நொதியோ அவசியம். பாஸ்பரஸ் குறைந்தால் தாய் தன் எலும்பைக் கரைத்துப் பால் சுரக்கும். தலையீத்துப் பன்றி குட்டி பிரித்த பிறகு பின்னங்கால் எழும்பாமல் படுத்துவிடுவதற்கு இது முக்கியக் காரணம்.

ஹோட்டல் கழிவு போடும் பண்ணைகளில் தாது உப்பைத் தொட்டியில் கொட்டினால் அடியில் தங்கிவிடும். கைப்பிடித் தவிட்டில் பிசைந்து, தலைக்கு இவ்வளவு என்று தனியாக வையுங்கள்: சினையில் நாளுக்கு 50 கிராம், பால் கொடுக்கையில் 100 கிராம். கழிவிலேயே உப்பு இருப்பதால் மேற்கொண்டு உப்பு வேண்டாம். தண்ணீர் எப்போதும் ஓட வேண்டும். கோடையில் குழாய் அடைத்துக்கொண்டால் உப்பு நஞ்சாகி, பன்றி கண் தெரியாமல் சுவரில் முட்டும், வலிப்பு வரும். அப்போது ஒரேயடியாகத் தண்ணீர் விடக்கூடாது, கொஞ்சம் கொஞ்சமாகத்தான்.

ரோமமில்லாமல், கழுத்து வீங்கிய குட்டிகள் செத்தும் நலிந்தும் பிறந்தால் சினைக்காலத்தில் அயோடின் குறைவு என்று சந்தேகிக்கலாம்.

இனி குட்டிக்குப் போடும் இரும்பு ஊசி. முதல் நாள் சீம்பாலுக்கே. மூன்றாம் அல்லது நான்காம் நாள் இரும்பு டெக்ஸ்ட்ரான் என்ற ஊசி மருந்தில் 200 மில்லிகிராம் இரும்பு. குப்பியில் 1 மில்லிக்கு 100 மில்லிகிராம் என்றிருந்தால் 2 மில்லி, 200 என்றிருந்தால் 1 மில்லி. இதைப் படிக்காமல் போடுவதால்தான் பாதி அளவும் இரட்டை அளவும் நேர்கின்றன. காதுக்குப் பின்னே கழுத்துத் தசையில், தோலை ஒரு பக்கம் இழுத்துப் பிடித்துக் குத்தி, ஊசியை எடுத்ததும் தோலை விட்டால் மருந்து வெளியே கசியாது. தொடையில் போட்டால் நரம்பு அடிபடலாம், இறைச்சியிலும் கறை நிற்கும். ஊசி போட்ட சில மணி நேரத்தில் குட்டிகள் அடுத்தடுத்துச் சாய்ந்தால் தாய்க்கு வைட்டமின் ஈ, செலினியம் போதவில்லையா என்று மருத்துவரிடம் கேளுங்கள். அந்தக் குறை இருந்தால் சரியான அளவு இரும்பே நஞ்சாகும்.

ஆறு, எட்டு வாரம் பால் குடிக்க விடுகிறவர்கள் 14ஆம் நாள் இன்னொரு ஊசி போடுவது நல்லது. ஊசி கிடைக்காத இடத்தில் பெரஸ் சல்பேட் என்ற இரும்பு உப்பு அரை கிலோவை 10 லிட்டர் தண்ணீரில் கரைத்து, குட்டிகள் நக்கும்படி தினமும் தாயின் மடியில் பூசலாம். ஆனால் எந்தக் குட்டி எவ்வளவு நக்கியது என்பது தெரியாது. இரும்புக்காகக் குட்டிகளுக்குச் செம்மண் வைப்பதில் புழுவும் சேர்ந்து வரும்.

இரத்தசோகையில் முதலில் விழுவது நோஞ்சான் குட்டி அல்ல, நன்றாக வளரும் கொழுத்த குட்டி. வேகமாக வளரும் உடம்புக்கு இரத்தமும் அதிகம் வேண்டும். இரண்டாம் வாரத்திலிருந்து அதன் காதை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், கண் இமையைத் திருப்பிப் பாருங்கள். வெளுத்து, சிறிது ஓடினாலும் விலா துடிக்க மூச்சு வாங்கினால் அன்றே மருத்துவரை அழைக்க வேண்டும்.