ஃபிளக்ஸில் சிரித்த குரூப் 1 அண்ணன்: ஒரு விளம்பரப் புகார் போன வழி

மதுரையில் காளவாசலில் ஏறி மாட்டுத்தாவணியில் இறங்குவதற்குள் போட்டித் தேர்வுப் பயிற்சி மையங்களின் ஃபிளக்ஸ் எத்தனையோ கண்ணில் படும். குரூப் 1-ல் தேர்வான ஓர் இளைஞரின் படம் மூன்று வெவ்வேறு மையங்களின் போர்டுகளில் இருந்தது. மூன்றிலும் 'எங்கள் மாணவர்'. என் அக்கா மகள் திருமங்கலத்திலிருந்து வந்து சேர்ந்தது அந்த மூன்றில் ஒன்றில்தான். ஓராண்டு முழுநேர வகுப்பு. கட்டணத்துக்கு அக்காவின் வளையல் அடகுக்குப் போனது.

சேர்ந்து கொஞ்ச நாளில் அவள் சொன்னாள்: "சித்தி, அந்த அண்ணன் இங்க கிளாஸுக்கே வரலையாம். மாதிரி நேர்காணலுக்கு மட்டும் வந்துட்டுப் போனாராம், அதுவும் இலவசமா." அந்த இளைஞரே ஒரு யூடியூப் பேட்டியில், வீட்டிலிருந்து படித்ததாக வெளிப்படையாகச் சொல்லியிருந்தார். அவர் மேல் ஒரு தவறும் இல்லை. ஆனால் அந்தப் படத்தைப் பார்த்துப் பணம் கட்டிய பிள்ளைகளுக்கு நடந்தது அநியாயம். எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை.

படம் உண்மை, தேர்ச்சி உண்மை, அவர் அங்கே வந்ததும் உண்மை. அப்படியிருக்க இதில் எப்படிப் புகார் கொடுப்பது என்றுதான் தெரிந்தவர்கள் எல்லோரும் கேட்டார்கள். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தை எடுத்துப் பார்த்தபோது பதில் கிடைத்தது. பொய் சொல்வது மட்டும் தவறான விளம்பரம் இல்லை; முக்கியமான தகவலை வேண்டுமென்றே மறைப்பதும் அதே கணக்கில்தான் வருகிறது. இங்கே மறைக்கப்பட்டது, அவர் எந்தப் பயிற்சியில் சேர்ந்தார் என்பது.

இந்தத் தந்திரம் நம் ஊரோடு நிற்கவில்லை. 2022 குடிமைப் பணித் தேர்வில் நாடு முழுக்கத் தேர்வானவர்கள் 933 பேர். அதில் 682 பேர் தங்கள் மாணவர்கள் என்று ஒரு நிறுவனம் விளம்பரம் செய்தது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் விசாரித்ததில், அவர்களில் 674 பேர் இலவச மாதிரி நேர்காணலுக்கு மட்டும் வந்தவர்கள் என்று தெரிந்து, 5 லட்சம் ரூபாய் அபராதம் போட்டது. இப்படிப் பல வழக்குகளைப் பார்த்த பிறகு, 2024 நவம்பரில் அந்த ஆணையம் பயிற்சி மையங்களுக்கென்றே தனி வழிகாட்டு நெறிமுறை கொண்டுவந்தது. வெற்றி பெற்றவரின் படத்தைப் போட்டால் அவர் படித்த பயிற்சியின் பெயர், கால அளவு, கட்டணம் கட்டியவரா இல்லையா என்பதையும் பக்கத்திலேயே போட வேண்டும். தேர்வான பிறகு அவரிடம் எழுத்தில் சம்மதம் வாங்க வேண்டும். 'வேலை உறுதி' என்று சொல்லவே கூடாது.

நான் முதலில் போனது மும்பையில் இருக்கும் விளம்பரத் தரக் கவுன்சிலிடம். ஆஸ்கி என்பார்கள். 1985-ல் விளம்பரத் துறையினரே தங்களைக் கட்டுப்படுத்திக்கொள்ள அமைத்தது. புகாருக்குக் கட்டணம் கிடையாது. இணையதளத்திலோ, 77100 12345 என்ற வாட்ஸ்அப் எண்ணிலோ அனுப்பலாம். தெருவோர ஃபிளக்ஸும் அவர்கள் வரம்புக்குள் வரும்.

புகாரை எழுதுவதில்தான் எல்லாமே இருக்கிறது. 'மக்களை ஏமாற்றுகிறார்கள்' என்று எழுதினால் அதை வைத்து யாரும் எதையும் சோதித்துப் பார்க்க முடியாது. நான் ஒரே ஒரு வாசகத்தைப் பிடித்துக்கொண்டேன்: 'எங்கள் மாணவர்'. போர்டு முழுசாகத் தெரியும் படம், எந்த இடம், எந்தத் தேதி, அந்த இளைஞரின் பேட்டியில் அந்தப் பேச்சு வரும் நிமிடம், மையத்தின் துண்டு நோட்டீஸ். அவர் எந்த வகுப்புக்குக் கட்டணம் கட்டினார் என்பதற்கு மையம் ஆதாரம் காட்டட்டும் என்று முடித்தேன். அக்கா மகளின் கட்டணப் பிரச்சினையை அதில் கலக்கவில்லை. அது வேறு வழக்கு.

ஆஸ்கி, விளம்பரம் கொடுத்தவரிடம் ஆதாரம் கேட்கும். அவர் ஒத்துக்கொண்டு மாற்றினால் அதோடு முடியும். இல்லையென்றால் நுகர்வோர் புகார்க் குழு பார்த்துத் தீர்ப்புச் சொல்லும். அபராதம் போடும் அதிகாரம் அதற்கு இல்லை. அந்த அதிகாரம் மத்திய ஆணையத்துக்குத்தான். முதல் தடவைக்கு 10 லட்சம் வரை, மறுபடி செய்தால் 50 லட்சம் வரை. ஆணையத்துக்கு டெல்லி வரை போக வேண்டியதில்லை, மாவட்ட ஆட்சியரிடமே எழுத்தில் கொடுக்கலாம் என்று சட்டத்தின் 17-ஆம் பிரிவு சொல்கிறது. இது நம்மில் பலருக்குத் தெரியாமல் இருப்பது பெரிய குறை.

மையம் விளம்பரத்தை மாற்ற ஒத்துக்கொண்டதாகப் பதில் வந்தது. பழைய போர்டும் இறங்கியது.

அக்கா மகள் அந்த வகுப்பை விட்டு நின்றுவிட்டாள். கட்டிய பணத்தைத் திரும்பக் கேட்க 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணைக் கூப்பிட்டோம். தமிழிலேயே பேசலாம். ரசீதும், சேரும்போது கொடுத்த நோட்டீஸும் கேட்டார்கள். புகாரை மையத்துக்கு அனுப்பினார்கள். "பணம் திரும்பத் தரும் வழக்கமே இல்லை" என்று முதலில் மையத்தில் கையை விரித்தார்கள். பயிற்சி மையங்கள் நுகர்வோர் ஆணையங்களின் வரம்புக்குள் வரும் என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2020-லேயே தீர்ப்பளித்திருப்பதையும், கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் இருப்பதால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குக் கட்டணமே கிடையாது என்பதையும் எழுதி அனுப்பினோம். அப்புறம் அவள் வகுப்புக்குப் போகாத மாதங்களுக்கான பணம் வந்தது. முழுத் தொகை இல்லை. வளையலை மீட்க அது போதவில்லை, மீதியை நாங்கள் போட்டோம்.

அவள் இப்போது நத்தம் சாலையில் கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் உட்கார்ந்து படிக்கிறாள். அதே இளைஞரின் படத்தோடு அந்த மையத்தின் புதுப் போர்டு வந்திருக்கிறது. 'மாதிரி நேர்காணல் மட்டும்' என்று கீழ் மூலையில் எறும்பு அளவு எழுத்தில் போட்டிருக்கிறார்கள். விளக்கக் குறிப்பும் விளம்பர வாசகத்தின் எழுத்து அளவிலேயே இருக்க வேண்டும் என்று நெறிமுறையில் இருக்கிறது. அதையும் படம் எடுத்து, இந்தத் தடவை ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் மனுவாகக் கொடுத்திருக்கிறேன். ஒப்புகைச் சீட்டு கையில் இருக்கிறது.