அந்த ஆளு வேண்டாம்

2009-லிருந்து ஐந்து வருடம், சேலம் – நாமக்கல் நெடுஞ்சாலையை ஒட்டிய ஊர்களில் ஒரு எச்.ஐ.வி. தடுப்புத் திட்டத்தில் கவுன்சலராக இருந்தேன். பாலியல் தொழில் செய்யும் பெண்களுக்கான திட்டம் அது. மும்பை, கொல்கத்தா போல நம் பக்கம் இதற்கென்று தனித் தெரு கிடையாது. பிள்ளைக்குச் சோறு கட்டிக் கொடுத்துவிட்டு, கம்பெனி வேலைக்குப் போவதாக வீட்டில் சொல்லிக் கிளம்புவார்கள். பஸ் ஸ்டாண்டில் இறங்கிப் போனுக்குக் காத்திருப்பார்கள். ‘தொழில்’ என்றுதான் சொல்வார்கள். வேறு பெயர் வைத்து யாரும் என்னிடம் பேசியதில்லை.

எங்கள் வேலை முழுக்க எண்ணிக்கை. ஒருவருக்கு மாதம் எத்தனை ஆணுறை, மூன்று மாதத்துக்கு ஒரு மருத்துவப் பரிசோதனை, ஆறு மாதத்துக்கு ஒரு எச்.ஐ.வி. டெஸ்ட். இதன் தொடக்கமே அப்படித்தான். 1986-ல் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி செல்லப்பன் நிர்மலாவும் இந்தியாவில் முதன்முதலாக இந்தக் கிருமியைக் கண்டுபிடித்தது, சென்னையில் இந்தத் தொழிலில் பிடிபட்டு அரசு காப்பகத்தில் அடைக்கப்பட்டிருந்த பெண்களின் ரத்தத்தில். நாட்டுக்கு அது பெரிய எச்சரிக்கை. ஆனால் அந்தப் பெண்கள் ஏன் பூட்டிய கதவுக்குப் பின்னால் இருந்தார்கள் என்று அன்றைக்கு எத்தனை பேர் கேட்டார்கள்? நோய் வந்த பிறகுதான் அரசாங்கம் இவர்கள் பக்கம் திரும்பியது. அந்தப் பார்வை எங்கள் ரெஜிஸ்டர் வரைக்கும் வந்திருந்தது.

களப்பணியில் எனக்குத் துணையாக ஒரு அக்கா வருவார். நாற்பது வயதிருக்கும். தொழிலிலும் இருந்தார், எங்களிடம் பகுதிநேரமாகவும் வேலை பார்த்தார். கையில் எப்போதும் மூன்றடுக்கு டிபன் கேரியர். ஒருநாள் சாப்பிட உட்கார்ந்தபோது திறந்து காட்டினார். மேலே எலுமிச்சம்பழச் சாதம், நடுவில் உருளைக்கிழங்கு, அடி அடுக்கில் பிளாஸ்டிக் பையில் சுற்றிய ஆணுறைகள். “பையில வெச்சிருந்தா போலீஸ்காரரு அதையே சாட்சின்னு கேஸ் போட்டுருவாருங்க கண்ணு. சோத்தக் கிளற மாட்டாங்க” என்றார். உயிரைக் காப்பாற்ற அரசாங்கமே கொடுத்த பொருள் அது. அதை அரசாங்கத்துக்குப் பயந்து சோற்றுக்கு அடியில் ஒளிக்க வேண்டியிருந்தது.

ஒருமுறை சென்னையில் பயிற்சி. இந்தத் தொழில் பெண்ணுக்கு அதிகாரம் தருகிறதா, அவளைச் சிதைக்கிறதா என்று இரண்டு அணியாகப் பேசச் சொன்னார்கள். உழைப்பு உழைப்புதான் என்றது ஒரு பக்கம். காசு கொடுத்துச் செய்யும் வன்முறை என்றது இன்னொரு பக்கம். இரண்டு பக்கமும் நன்றாகப் பேசினார்கள். அக்கா வாயே திறக்கவில்லை. திரும்பி வரும்போது, விழுப்புரம் தாண்டியதும் பஸ்ஸில் தானாகவே சொன்னார்:

“புருசன்கிட்ட இருந்த பதினோரு வருசத்துல ஒருநா கூட வேண்டாம்னு சொல்ல முடியலீங்க கண்ணு. இப்ப தொழில்ல, அந்த ஆளு வேண்டாம்னா வேண்டாந்தான். ஆனா வட்டிக்காரன் வர்ற வாரம் அப்படிச் சொல்ல முடியாது.”

அதற்குப் பிறகு கவுன்சலிங்கில், படிவத்தில் இல்லாத ஒரு கேள்வியை நானாகவே கேட்க ஆரம்பித்தேன்: கடைசியாக எப்போது ஒரு ஆளை வேண்டாம் என்று சொன்னீர்கள்? சிலர் உடனே ‘நேத்து’ என்பார்கள். குடித்திருந்தான், உறை போட மறுத்தான், அனுப்பிவிட்டேன் என்பார்கள். சிலர் யோசித்து யோசித்து, கடைசியில் தலையை ஆட்டிவிட்டு எழுந்துபோவார்கள். ஜூன் மாதம் பள்ளிக்கூட ஃபீஸ் கட்டும் நேரத்தில் மறுக்கிறவர்கள் குறைந்துவிடுவார்கள். அடுத்த பரிசோதனையில் புண்ணும் வெள்ளைப்படுதலும் கூடும். கொல்கத்தாவில் இந்தத் தொழில் நடக்கும் பெரிய பகுதியான சோனாகாச்சியில் 1995-ல் அந்தப் பெண்களே தங்களுக்கென்று ஒரு கூட்டுறவு வங்கி தொடங்கியதன் அருமை எனக்கு இங்கேதான் விளங்கியது. கந்துவட்டிக்காரன் பிடி தளர்ந்தால், உறை போடாதவனை வெளியே அனுப்பத் தைரியம் வரும்.

எல்லாரையும் ஒரே தட்டில் வைக்க நான் தயாரில்லை. பத்தொன்பது வயதுப் பெண் ஒருத்தியை அவள் சித்தி அழைத்து வந்தாள். பெயர் என்ன என்று கேட்டேன். அந்தப் பெண் சித்தி முகத்தைப் பார்த்தாள். என்ன சாப்பிட்டாய் என்ற கேள்விக்குக்கூடப் பதில் சித்தியிடமிருந்துதான் வந்தது. மில் வேலை என்று சொல்லிக் கூட்டி வந்தார்களாம். இதை நான் தொழில் என்று எழுத மாட்டேன். அன்றைக்கு ரெஜிஸ்டரில் எழுத வேண்டியிருந்தது. இன்றும் அது உறுத்துகிறது.

அதைவிட உறுத்துவது நானே செய்த தவறு. பரிசோதனைக்கு வராத ஒரு பெண்ணைத் தேடி வீட்டுக்கே போனேன். கழுத்தில் திட்டத்தின் பெயர் போட்ட அடையாள அட்டை. வாசலில் மாமியார் அதை எழுத்துக்கூட்டி வாசித்தார். மறுவாரம் அந்தப் பெண் ஊரிலேயே இல்லை. எந்த வாடிக்கையாளரும் அவளுக்குச் செய்யாத கேட்டை, அவள் நலம் விசாரிக்கப் போன நான் செய்தேன்.

சட்டமும் இப்படித்தான் வீட்டுக்குள் நுழைகிறது. 1956-ம் வருட விபச்சாரத் தடுப்புச் சட்டப்படி ஒரு பெண் இந்தத் தொழில் செய்வது மட்டுமே குற்றம் இல்லை. ஆனால் பொது இடத்தில் ஆள் அழைத்தால் குற்றம். விஷயம் தெரிந்தே அவள் வருமானத்தில் வாழும் 18 வயது தாண்டிய யாருமே குற்றவாளி. அக்காவின் மகன் பாலிடெக்னிக் படித்துக்கொண்டிருந்தான். வருமானத்தில் வாழ்வது பற்றிய அந்த நான்காவது பிரிவை நான் படித்துச் சொன்னபோது, “என் சோத்தத் தின்னா எம்பையன் மேல கேஸா?” என்று கேட்டார். தரகர்களைப் பிடிக்கத்தான் அந்தப் பிரிவு என்று விளக்கினேன். அவர் முகம் தெளியவில்லை.

2022 மே 19 அன்று உச்ச நீதிமன்றம் இவர்களைக் கண்ணியத்தோடு நடத்த வேண்டும், ஆணுறையைக் குற்றத்துக்குச் சாட்சியாக எடுக்கக் கூடாது என்றெல்லாம் உத்தரவிட்டது. பேப்பரில் படித்ததும் அந்த அடி அடுக்குதான் ஞாபகத்துக்கு வந்தது.

கொஞ்ச நாள் கழித்து அக்கா போன் செய்தார். மகனுக்குக் கல்யாணம், கண்டிப்பாக வர வேண்டும் என்றார். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “கம்பெனி மேடம்னு சொல்லி வெச்சிருக்கேன் கண்ணு” என்றார். போனேன். கழுத்தில் அட்டை எதுவும் இல்லை. மொய் எழுதுகிறவர் எந்த ஊர், என்ன உறவு என்று கேட்டார். “கம்பெனில ஒண்ணா வேலை பார்த்தோம்” என்றேன். அப்படியே எழுதிக்கொண்டார்.