லண்டன் கடதாசி பாரிசுக்குச் செல்லாது

மூன்று கிழமை. கிளிநொச்சியில் 11 பெண்கள் பனையோலையில் விரல் வெடிக்க இழைத்த கடகமும் நீத்துப்பெட்டியும் பிரான்சின் கலே துறைமுகத்தில் மூன்று கிழமை கிடந்தன.

2019 வரை எல்லாம் ஒரே பொதியாக லண்டனுக்குப் போகும். மச்சாள் பாதியை அங்கே இறக்கிவிட்டு, மிச்சத்தை வான் வண்டியில் பாரிஸ் லா சப்பல் கடைக்குக் கொண்டுபோவா. சுங்கம் மறித்ததேயில்லை. பிரித்தானியா ஐரோப்பிய ஒன்றியச் சந்தையை விட்டு விலகியதால் 2020 டிசம்பர் 31 உடன் அந்த வழி மூடியது. தெரிந்துதான் இரவு பஸ் ஏறிக் கொழும்புக்குப் போய், சரக்கு அனுப்பும் கந்தோர் ஒன்றில் நேரிலேயே கேட்டேன். "லண்டனுக்கு வரியில்லைத்தானே அக்கா, அங்கயிருந்து பாரிசுக்கும் வரியில்லை. ஒரு கடதாசி காணும்" என்றார் மேசையில் இருந்தவர். நம்பிவிட்டேன்.

பிரித்தானியாவுக்கும் ஐரோப்பிய ஒன்றியத்துக்கும் இடையில் தீர்வை இல்லையென்பது அந்த இரண்டு பக்கத்திலும் உற்பத்தியான பொருளுக்குத்தான். எங்கட ஓலை லண்டனில் இறங்கினாலும் இலங்கைப் பொருளே. லண்டனில் சுங்கம் கழித்து எடுத்துவிட்டால் இலங்கைப் பொருளுக்கு ஐரோப்பா தரும் ஜி.எஸ்.பி பிளஸ் என்ற தீர்வைச் சலுகையும் போய்விடும். அங்கே 20 வீதம் வற் (பெறுமதி சேர் வரி) கட்டியாயிற்று. பிரான்சிலும் 20 வீதம். மேலே தீர்வை, களஞ்சியக் காசு. சரக்கு இறக்குபவருக்குச் சுங்கம் தரும் பதிவு இலக்கம் ஈ.ஓ.ஆர்.ஐ; மச்சாளினது பிரித்தானியாவினது, பிரான்சில் செல்லாது. பாரிஸ் கடைக்காரர் தன் பெயரில் ஒன்று எடுக்கும்வரை பொதி அசையவில்லை. எடுப்பவரிடம் அந்த இலக்கம் இருக்கிறதா என்று அனுப்புமுன் முதலில் கேளுங்கள்.

வெளியே வந்தபோது சாயமிட்ட குட்டான்களில் பூஞ்சணம். மச்சாள் அனுப்பிய படத்தை நான் பெண்களுக்குக் காட்டவில்லை.

இம்முறை கிளிநொச்சியிலேயே இரண்டாகப் பிரித்து, பாரிஸ் பெட்டியை நேரே பாரிசுக்கு அனுப்பினோம். சரக்கின் பெறுமதி 6000 யூரோவுக்கு மேற்படாவிட்டால் அந்த ஐரோப்பியச் சலுகைக்கு ஏற்றுமதியாளர் பதிவு இலக்கம் தேவையில்லை. இலங்கையில் உற்பத்தியானது என்ற கூற்றை விலைச்சிட்டையிலேயே நாங்கள் எழுதலாம். கந்தோரில் "அப்பிடியொரு முறை இல்லை" என்றார்கள். விதியை அச்செடுத்துக் கொண்டுபோயிருந்தேன். பெரியவர் இரண்டுதரம் வாசித்துவிட்டுத் தலையாட்டினார். விதியிலுள்ள அந்தக் கூற்றின் வாசகத்தை ஆங்கிலத்தில் ஒரு சொல்லும் மாறாமல் எழுதுங்கள். லண்டன் பெட்டிக்கு வாசகம் வேறு; ஒன்றைப் பார்த்து மற்றதில் எழுதிவிடாதீர்கள்.

தீர்வை பூச்சியம். வற் மட்டும் கட்டி எடுத்த கடைக்காரர் அன்றிரவே அழைத்தார்: "ஓலை வாசம் அப்பிடியே இருக்கு தங்கச்சி."