பேசப் பழகியதும் பழக்கியதும்: வேலூரில் எங்கள் அனுபவம்

பேச்சுப் பயிற்சி வகுப்புக்குப் பணம் கட்டும் முன்னால் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "ஒரு வகுப்பில் நான் எவ்வளவு நேரம் எழுந்து நின்று பேசுவேன்?" நேரான பதில் வராவிட்டால் அங்கே சேராதீர்கள். வேலூரில் நான் சேர்ந்த இடத்தில் பேசியதெல்லாம் பயிற்சியாளர்தான். கூச்சத்தை விரட்டுவது எப்படி, கண்ணாடி முன்னால் நின்று "என்னால் முடியும்" என்று சொல்வது எப்படி, வாழ்க்கையில் ஜெயித்தவர்கள் கதை என்று வாராவாரம் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தோம். எப்போதாவது நம் முறை வந்தால் அவர் எழுதிக் கொடுத்த தாளை ஒப்பிக்க வேண்டும். மீதி வகுப்பு வேண்டாம், பணத்தில் பாதியாவது திருப்பிக் கொடுங்கள் என்று கேட்டதற்கு ரசீதின் பின்பக்கத்தைத் திருப்பிக் காட்டினார்கள். பொடி எழுத்தில் போட்டிருந்தது. அந்த எரிச்சல் எனக்கு இன்னும் போகவில்லை.

நான் பேசக் கற்றது கிளை நூலகத்தின் வாசகர் வட்டத்தில், அதுவும் ஒரு பைசா செலவில்லாமல். படித்த புத்தகத்தைப் பற்றி யார் வேண்டுமானாலும் எழுந்து பேசலாம். கேட்பவர்களில் பாதிப்பேர் ஓய்வுபெற்றவர்கள், தப்பாகச் சொன்னால் அங்கேயே திருத்துவார்கள். "ஏம்மா, கடைசி வார்த்தைய முழுங்கிடறியே" என்று ஒரு பெரியவர் சொன்ன ஒற்றை வரிக்கு அந்த வகுப்பு முழுக்கச் சேர்ந்தாலும் ஈடாகாது. வாக்கியம் முடிகிற இடத்தில் எனக்கு மூச்சுத் தீர்ந்துவிடும், குரல் இறங்கிவிடும். தமிழில் வினைச்சொல் கடைசியில்தானே வருகிறது, அது காதில் விழவில்லை என்றால் செய்தார்களா செய்யவில்லையா என்பதே எதிரில் இருப்பவருக்குத் தெரியாது. வாக்கியத்தைச் சின்னதாக்கி, தொடங்கும் முன்பே மூச்சை எடுத்துக்கொள்ளப் பழகினேன், பாதிப் பயம் அதிலேயே போய்விட்டது.

அப்புறம் என் டியூஷன் பிள்ளைகளுக்குச் சனிக்கிழமை மாலைகளில் சொல்லித்தர ஆரம்பித்தேன். முறை கொஞ்சம் இரவல். 1924இல் அமெரிக்காவில் தொடங்கிய டோஸ்ட்மாஸ்டர்ஸ் என்ற பேச்சுப் பயிற்சி மன்றங்களில் ஐந்து முதல் ஏழு நிமிடப் பேச்சுக்கு ஐந்தாவது நிமிடத்தில் பச்சை, ஆறில் மஞ்சள், ஏழில் சிவப்பு என்று விளக்கு காட்டுவார்கள். நாங்கள் விளக்குக்குப் பதில் வண்ண அட்டை வைத்துக்கொண்டோம். "வந்து", "அதாவது" எத்தனை முறை வருகிறது என்று எண்ணுவதற்கும் அவர்களைப் போலவே ஓர் ஆள். அந்த வேலைக்குப் பிள்ளைகளுக்குள் அடிதடியே நடக்கும், எண்ணிப் பழகியவர்கள் தங்கள் பேச்சில் தாமாகவே குறைத்துக்கொள்கிறார்கள். காட்பாடிக்குப் பக்கத்திலிருக்கும் காங்கேயநல்லூரில் 1906இல் பிறந்த கிருபானந்த வாரியார் சொற்பொழிவின் நடுவே குழந்தைகளைக் கேள்வி கேட்டுப் பரிசு கொடுப்பார் என்பது எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் எல்லோருக்கும் தெரியும். கூட்டத்தைக் கேள்வியால் பிடித்துவைக்கும் அந்த வித்தையைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தேன், சட்டென்று பிடித்துக்கொண்டார்கள்.

பெற்றோர்தான் பெரிய பாடு. "நல்லா நாலு பக்கம் எழுதிக் குடுங்க, மனப்பாடம் பண்ணிடுவா" என்பார்கள். கொடுக்க மாட்டேன் என்று சொன்னால் முகம் வாடிவிடும். மனப்பாடம் செய்த பிள்ளைக்கு நடுவில் ஒரு சொல் தவறினால் அடுத்த வரி வராது, திரும்ப "அவையோர் அனைவருக்கும்" என்று முதலிலிருந்து தொடங்கினால்தான் வரும். மேடையில் அழுதுகொண்டே இறங்கிய பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். அதனால் எங்களிடம் முதல் மூன்று வாக்கியமும் கடைசி இரண்டு வாக்கியமும் மட்டும் மனப்பாடம், நடுவில் வரும் செய்திகளுக்கு உள்ளங்கை அளவு அட்டையில் ஐந்தாறு சொற்கள். இன்னொன்று, பேசிக்கொண்டிருக்கும்போது ழகரத்துக்காக நிறுத்தித் திருத்தாதீர்கள். முடித்த பிறகு சொல்லுங்கள். வீட்டில் உருது பேசும் பிள்ளைகளும் தெலுங்கு பேசும் பிள்ளைகளும் இங்கே நிறைய, இரண்டு முறை நடுவில் நிறுத்தினால் மூன்றாவது முறை எழுந்திருக்கவே மாட்டார்கள்.

அப்படி ஒரு பிள்ளையைத்தான், எட்டாம் வகுப்பு, அரசுப் பள்ளி, வேலூரில் ஓர் அமைப்பு நடத்திய போட்டிக்குக் கூட்டிப்போனேன். தலைப்பு வேலூர்ப் புரட்சி. அதற்கு முன்பே பிள்ளைகளைக் கோட்டைக்கு அழைத்துப்போய், மக்கான் சந்திப்பில் நினைவுத் தூணையும் காட்டியிருந்தேன்.

பதிவு மேசையில் ஆரம்பித்தது. "பள்ளியிலிருந்து கடிதம்?" அறிவிப்பில் அப்படி ஒரு வரியே இல்லை. அடையாள அட்டை, ஆதார் நகல் எல்லாம் காட்டினேன். "முத்திரையோட கடிதம் வேணும் மேடம், இல்லன்னா ஓரமா நில்லுங்க." சனிக்கிழமை, பள்ளி பூட்டிக்கிடக்கிறது, ஊருக்குப் போய்வர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். தலைமையாசிரியருக்குப் போன் போட்டேன். அவர் வீட்டில் இருந்தபடியே வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்திட்டு வாட்ஸாப்பில் அனுப்பினார், நல்ல மனுஷர். அதையும் அந்த ஆள் பார்க்க மறுத்தார். பிள்ளை என் புடவையைப் பிடித்துக்கொண்டு "போயிடலாமாக்கா?" என்கிறாள். நான் நகரவில்லை. நடுவராக வந்திருந்த ஒரு தமிழாசிரியர் அந்த வழியாகப் போனார், அவரிடம் நேராகப் போய்ச் சொன்னேன். "திங்கட்கிழமை அசல் அனுப்பிடுங்கம்மா" என்று அவரே பெயரை எழுதிக்கொண்டார்.

அது முடிந்ததா என்றால் இல்லை. கூட்டம் அதிகம், ஐந்து நிமிடத்தை மூன்றாகக் குறைக்கிறோம் என்று மேடையிலிருந்து அறிவித்தார்கள். வரிசையாக மணி அடித்தது, பாதிப் பேச்சிலேயே பிள்ளைகள் திகைத்து நின்றார்கள். மைக் வேறு பெரியவர்கள் உயரத்தில். இவள் ஏறியதும் முதலில் மைக்கைத் தன் வாய்க்கு ஒரு சாண் தள்ளி இறக்கிவைத்துக்கொண்டாள். தட்டவில்லை, ஊதவில்லை. கூட்டத்தைப் பார்த்துக் கேட்டாள்: "நாளையிலிருந்து தாடி இருக்கக் கூடாது, நெற்றியில் குறி இருக்கக் கூடாது என்று யாராவது உங்கள் தாத்தாவிடம் வந்து சொன்னால் அவர் என்ன செய்வார்?" ஒரு நொடி நிறுத்தினாள். பிறகு 1806 ஜூலை 10, புதுத் தலைப்பாகை, சிப்பாய்களின் கோபம். அட்டையில் அடுத்து இருந்தது கோட்டையில் காவலில் இருந்த திப்புவின் மகன்கள். அதை அப்படியே விட்டுவிட்டு ஆற்காட்டிலிருந்து வந்த ஆங்கிலேயத் தளபதி கில்லெஸ்பியின் குதிரைப்படைக்குத் தாவி, நினைவுத் தூணில் கொண்டுவந்து முடித்தாள். மணி அடிக்கும்போது "நன்றி, வணக்கம்" சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்குக் கை நடுங்கியது.

மூன்றாம் பரிசு. முதல் பரிசுக்குத் தகுதியான பேச்சு என்பதுதான் இன்றும் என் எண்ணம், நடுவர்கள் அடுக்குமொழிக்கு மதிப்பெண்ணை அள்ளிக்கொடுக்கிறார்கள். இருக்கட்டும்.

போகிறவர்களுக்குச் சொல்கிறேன்: அறிவிப்பில் கேட்டிருந்தாலும் கேட்காவிட்டாலும் பள்ளியின் முகவரித்தாளில் முத்திரையோடு கடிதம், புகைப்படம், ஆதார் நகல் மூன்றும் கையில் இருக்கட்டும். ஐந்து நிமிடப் பேச்சை மூன்று நிமிடத்திலும் சொல்லிப் பார்க்கச் சொல்லுங்கள். தமிழ் வளர்ச்சித் துறை அம்பேத்கர், பெரியார், அண்ணா, காந்தி, நேரு பிறந்தநாள்களை ஒட்டி மாவட்ட அளவில் நடத்தும் போட்டிகளையும் விடாதீர்கள். பரிசு 5000, 3000, 2000 ரூபாய், அரசுப் பள்ளிப் பிள்ளைகள் இருவருக்குத் தனியாகச் சிறப்புப் பரிசும் உண்டு. அடுத்ததற்கு இவள் பெயர் கொடுத்தாயிற்று, தலைமையாசிரியர் கடிதமும் வாங்கியாயிற்று, இந்த முறை இரண்டு பிரதி.