ஃபிரிட்ஜ் கேஸ் எங்கே போகிறது?
காலநிலை விஞ்ஞானி வீரபத்ரன் ராமநாதனின் மேடை உரையாடல் ஒன்றை நேற்று இரவு யூடியூபில் பார்த்தேன். மதுரையில் பிறந்தவர். 11 வயதில் பெங்களூருக்குப் போனதும் பள்ளியில் எல்லாம் ஆங்கிலம். வாத்தியார் பேச்சைக் கேட்கும் பழக்கமே விட்டுப்போய், தானாகவே யோசித்துப் படிக்கத் தொடங்கினாராம். அண்ணாமலைப் பல்கலையில் பொறியியல். பிறகு செகந்திராபாத்தில் ஃபிரிட்ஜ் கம்பெனி வேலை. என்ன வேலை தெரியுமா? குளிர்பதன வாயு ஏன் கசிகிறது என்று பார்ப்பது!

அப்புறம் அமெரிக்கா. அங்கே 1975-ல் அதே வாயுக்களைப் பற்றித்தான் எழுதினார்: குளோரோஃபுளோரோகார்பன் மூலக்கூறு ஒன்று, கரியமில வாயு மூலக்கூறைவிடச் சுமார் 10,000 மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கிறது. அதுவரை பூமி சூடாவதற்கான பழியெல்லாம் பெரும்பாலும் கரியமில வாயுவின் தலையில்தான்.

எங்கள் வீட்டுப் பழைய ஃபிரிட்ஜைத் திறந்து பார்த்து மெக்கானிக் "கேஸ் போயிடுச்சு சார்" என்பார். எங்கே போனது என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை.