உப்புக்கல்லுக்குள் இருக்கும் விசை

கிளிநொச்சியில் என்னிடம் படிக்க வரும் உயர்தர மாணவர்களுக்கு, இரு மின்னேற்றங்களுக்கு இடையிலான விசையைத் தரும் கூலோமின் விதியைச் சொல்லும்போது, ஆனையிறவு உப்புக்கல் ஒன்றை உள்ளங்கையில் வைத்துக்கொண்டுதான் தொடங்குவேன். அந்தக் கல்லில் அடுத்தடுத்து இருக்கும், மின்னேற்றம் பெற்ற அணுக்களான சோடியம் அயனுக்கும் குளோரைட்டு அயனுக்கும் மையத்திலிருந்து மையத்துக்கு 282 பீக்கோமீற்றர் (ஒரு பீக்கோமீற்றர் என்பது மீற்றரின் இலட்சம் கோடியில் ஒரு பங்கு) தூரம். ஒவ்வோர் அயனிலும் உள்ள ஏற்றத்தின் பருமன் 1.602 × 10⁻¹⁹ கூலோம். இரு ஏற்றங்களையும் பெருக்கி, அதை 8.99 × 10⁹ என்ற மாறிலியாலும் பெருக்கி, தூரத்தின் வர்க்கத்தால் வகுத்தால், ஏறத்தாழ 2.9 × 10⁻⁹ நியூற்றன் என்ற கவர்ச்சி விசை கிடைக்கும்.

பிள்ளைகள் வழுக்குவது பெரும்பாலும் இரண்டு இடங்களில்: பீக்கோமீற்றரை மீற்றராக மாற்றாமல் விடுவார்கள், அல்லது தூரத்தை வர்க்கிக்க மறப்பார்கள். ஏற்றங்களைக் குறியோடு பெருக்கினால் விடையில் வரும் மறைக்குறி கவர்ச்சியை மட்டுமே காட்டுகிறது என்பதையும் நான் வலியுறுத்துவேன்.

விடை அற்பமாகத் தோன்றலாம். ஆனால் அந்தச் சோடியம் அயனைப் பூமி இழுக்கும் விசையுடன், அதாவது அதன் நிறையுடன் ஒப்பிட்டால், இது ஏறத்தாழ 77 கோடி கோடி மடங்கு பெரிது. இதைக் கரும்பலகையில் எழுதும் ஒவ்வொரு முறையும் எனக்கே வியப்பாக இருக்கிறது.

மகனீசியம் ஒட்சைட்டில் ஏற்றங்கள் இரட்டிப்பாகி, தூரமும் 210 பீக்கோமீற்றராகக் குறைவதால், விசை ஏழு மடங்கு கூடுகிறது. அதனால், உப்பு 801 பாகை செல்சியசில் உருக, மகனீசியம் ஒட்சைட்டு 2800 பாகையையும் தாண்டித்தான் உருகுகிறது.