சூடாறாப்பெட்டியில் சம்பா வேகும் கணக்கு

மார்த்தாண்டம், குழித்துறைப் பக்கம் சம்பா அரிசிச் சோறு வடிக்க அடுப்பு முக்கால் மணி நேரமாவது எரியும். கொதி வந்த பிறகு எரியும் கேஸில் பெரும்பங்கு, பானை வெளியே விடும் சூட்டை ஈடுகட்டவே போகிறது. அந்தக் கசிவை அடைத்தால் அடுப்பை அணைத்துவிடலாம். எல்லைக்கு அப்பால் கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத் என்ற அறிவியல் இயக்கம் பரப்பிய சூடாறாப்பெட்டி, அதாவது கொதித்த பானையை உள்ளே பொதிந்து மூடும் பெட்டி, செய்யும் வேலை இதுதான்.

அரைக் கிலோ அரிசி, 3 லிட்டர் தண்ணீர் என்று வைத்துக்கொள்வோம். இந்தக் கலவை 1 டிகிரி ஆற ஏறத்தாழ 13.5 கிலோஜூல் வெளியேற வேண்டும். மூடிய பானை வெறுமனே திண்ணையில் இருந்தால் சுமார் 120 வாட் இழக்கும். அதாவது நிமிஷத்துக்கு அரை டிகிரி. சுற்றிலும், அடியிலும், மேலேயும் 5 செ.மீ. கனத்துக்குக் கதம்பைத் தும்பு (தேங்காய் நார்) இருந்தால் இழப்பு 15 வாட் அளவுக்கு இறங்கும். மணிக்கு 4 டிகிரிதான். அரிசி வேக 85 டிகிரிக்கு மேல் இருந்தாலே போதும், மிச்சத்தை நேரம் பார்த்துக்கொள்ளும்.

சூட்டைத் தடுப்பது தும்பு இல்லை, அதற்குள் சிக்கிய காற்று. தளர்வாகப் போட்டால் காற்று சுழன்று சூட்டை அள்ளிப்போகும். இடித்துத் திணித்தால் நாரோடு நார் ஒட்டிக் கடத்தும். கையால் அமுக்கினால் மெல்ல எழும்பி வரவேண்டும், அதுதான் பதம். ஈரம் மட்டும் ஆகவே ஆகாது. தண்ணீர் காற்றைவிட இருபது மடங்குக்கு மேல் சூட்டைக் கடத்தும். நம் ஊர் மழைக்காலத்தில் தும்பை அடிக்கடி வெயில் காட்டுங்கள்.

அரிசி போட்டதும் தண்ணீர் 5 டிகிரி போல இறங்கிவிடும். மறுபடி கொதி வந்து, மூடிபோட்டு 10 நிமிஷம் கொதித்த பிறகே பெட்டிக்குள் வைக்கவேண்டும். ஒரு மணி நேரம் திறக்கக் கூடாது. பெரும்பாலும் கெடுவது இங்கேதான்: 50 மில்லி தண்ணீர் ஆவியாகப் போனால் 113 கிலோஜூல் போச்சு, பானை 8 டிகிரி குளிர்ந்துவிடும். இரண்டு மணி நேரக் கசிவு, சரியாகப் பொருந்தாத ஒரு மூடியால்! மூடிமேல் கனமான துணியை மடித்துப் போட்டு, அதன்மேல் தும்புத் தலையணையை அழுத்துங்கள்.

பாதிப் பானை வைத்து ஏமாறாதீர்கள். சூட்டின் இருப்பு பாதியாகிறது, வெளிப்பரப்பு அந்த அளவு குறைவதில்லை. முக்கால் பானையாவது நிறையட்டும்.

உள்ளே அலுமினியத் தாள் ஒட்டச் சொல்வார்கள். பளபளப்பு கதிர்வீச்சைத்தான் திருப்பும், அதற்கு முன்னால் காற்றிடைவெளி வேண்டும்; தும்பு தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் வீண் செலவு. தெர்மோகோல் பெட்டி என்றால் கொதிக்கும் பானையை நேராக வைத்தால் அது இளகிச் சுருங்கும், இடையில் மடித்த சாக்கு போடுங்கள்.

இரண்டு மணி நேரத்துக்குள் எடுத்து வடித்துவிடுங்கள். ராத்திரி முழுக்க விட்டால் 60 டிகிரிக்குக் கீழே போய்க் கிருமி பெருகலாம். பிறகு கொதிக்க வைத்தாலும் சில நஞ்சுகள் போகாது, கொட்டத்தான் வேண்டும்.